வழி எழுதாத இணையத்தளம்

மாவட்டச் செயலகமான கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற திருமதி புஷ்பவதி தம்பிராசா கட்டைபறிச்சானில் பிறந்தவர்; மணமாகித் திருகோணமலை லிங்கநகருக்கு வந்தவர். போரினால் அந்த வீட்டை விட்டு இரு தடவை இடம்பெயர்ந்தார். இரு தடவையும் திரும்பி வந்து புதிதாகக் கூரை போட்டார். கணவர் காலமான பின்னர், ரொறன்ரோவில் வாழ்ந்த ஒரே மகன் குகதாசன் தொலைபேசியில் ஒரே விடயத்தையே கதைத்து வந்தார்.

“அம்மா, வீட்டை வித்துப்போட்டு இங்கை வாங்கோ. அங்கை தனிய என்ன செய்யிறியள்?”

“முன் ரெண்டு அறையையும் வாடகைக்கு விடப்போறன். ஆக்கள் வந்து நிண்டால் தனிமை எங்கை?”

“உங்கடை வீட்டை ஆருக்குத் தெரியும்? இந்தக் காலத்திலை வெப்சைட் இல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டினம்.”

“அப்ப அதையும் போடுறன்.”

“போடுங்கோ பாப்பம். மார்கழியிலை வருவன். அறை வெறுமையாக் கிடந்தால் வீடு விலைக்குத்தான்.”

இது 2003ஆம் ஆண்டு சித்திரையில் நிகழ்ந்தது. யுத்தநிறுத்தம் நடைமுறையில் இருந்தது, ஊரார் ‘சென்றி’ என்ற இராணுவக் காவலரண்களும் இருந்தன.

புஷ்பவதி, பேருந்து நிலையத்துக்கு அருகே இன்ரநெற் கடை நடத்திய மூதூர் அபூதாஹிரிடம் சென்றார்.

“டவுன்ல இரிக்கிற தங்குமிடம் எல்லாம் சேர்ந்த பக்கம் ஒண்டு இரிக்கி அக்கா. அதுல ஒரு மூலையில போட்டா லேசு” என்றார் அபூதாஹிர். “சொந்தமாப் போட்டா வருசா வருசம் புதுப்பிக்கணும்.”

“மற்றவையின்ரை கொடியிலை என்ரை சீலையைக் காயப்போடச் சொல்லுறீரோ? சொந்தமாத்தான் வேணும்.”

வாசகத்தை அவரே சொல்ல, அபூதாஹிர் தட்டச்சுச் செய்தார். “மேற்படி அறைகளில் மின்விசிறி உண்டு” என்று தொடங்கியதும் அபூதாஹிர் நிமிர்ந்தார்.

“மேற்படி எதுக்கு அக்கா? மேல ஒண்டுமே இல்லையே.”

“அது இருந்தால்தான் மரியாதை. அடியும்.”

சிக்கல், வீட்டுக்கு வரும் வழியை எழுதும்போதுதான் எழுந்தது.

“பஸ் ஸ்ராண்டிலையிருந்து நேரை வந்தால் முதல் சென்றி. அதிலை இறங்கி நடந்து, மண்மூட்டை அடுக்கின ரெண்டாவது சென்றியிலை இடப்பக்கம் திரும்பினால்…”

அபூதாஹிர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “சென்றி எங்கெங்க இரிக்கெண்டு உலகத்துக்கே எழுதிப் போட்டா, மொதல்ல வாறது விருந்தாளி இல்ல அக்கா. எனக்கு ரெண்டு புள்ளைகள் இரிக்கி.”

“அப்ப அரசமரத்தைச் சொல்லுவம்.”

“சென்றிக்கு மறைக்குதெண்டு அதைத்தான் வெட்டிட்டானுகளே.”

“வாசிகசாலை?”

“அதுக்குள்ளதான் இப்ப ஆமி.”

“சரி, என்ரை பேரைச் சொல்லி விசாரிச்சுக்கொண்டு வரட்டும்.”

“புது முகம் ஒண்டு வீடு விசாரிச்சுத் திரிஞ்சா, அவர் ராவைக்கு உங்கட வீட்டிலயா படுப்பார்?”

புஷ்பவதி வழியை முற்றாக நீக்கச் சொல்லி, அவ்விடத்தில் இவ்வாறு எழுதுவித்தார்: “கொழும்பிலிருந்து பிற்பகல் பேருந்து வந்து சேரும் வேளையில் உரிமையாளர் ஊதாக் குடையுடன் நிலையத்தில் நிற்பார்.”

மறுநாளே அவர் குடையுடன் வந்து நின்றார். அபூதாஹிர் கடையை விட்டு ஓடி வந்தார்.

“ஒரு மெயிலும் வரல்லையே அக்கா! ஆக்கள் புக் பண்ணினா மட்டும் வந்தாப் போதும்.”

“அப்பிடி நாங்கள் எழுதேல்லையே. வாசிச்ச ஆரும் சொல்லாமல் வந்து இறங்கினால்? எழுதிப் போட்டாச்சு, நிக்கத்தான் வேணும்.”

அன்றும் அதற்குப் பின்னரும் இணையத்தளத்தைப் பார்த்தவர் எவரும் வந்திறங்கவில்லை. ஆனால் கொழும்புப் பேருந்து சோதனைகளில் தாமதித்தே வரும். அது வரும்போது குடாவுக்கு அப்பாலுள்ள மூதூருக்கான கடைசி லோஞ்ச் படகு துறையை விட்டுப் போயிருக்கும். கூட்டுறவுச் சங்கக் கணக்காய்வாளர் இரத்தினசிங்கமும் அவ்வாறு அகப்பட்டவரே. இறங்குவோரின் முகங்களைத் துருவிக்கொண்டிருந்த அம்மையாரை அவர் அணுகினார்.

“அம்மா, லோஞ்ச் போட்டுதோ?”

“அது அப்பவே போட்டுது. நீங்கள் வெப்சைட் பாத்தோ வந்தனீங்கள்?”

“இல்லை, வவுச்சர் பாக்க வந்தனான். ராவைக்குத் தங்க இடம் இருக்கோ?”

புஷ்பவதியுடன் நடந்ததால் காவலரண்களிலும் அவரிடம் அதிகம் கேட்கப்படவில்லை. இச்செய்தி மூதூருக்குப் போய்வரும் உத்தியோகத்தரிடையே பரவியது. ஆவணிக்குள் இரு அறைகளும் நிரம்பத் தொடங்கின. இணையத்தளத்தின் வழியே மார்கழி வரை வந்தது ஒரேயொரு மின்னஞ்சல். “வியாழன் வாறன் அம்மா” என்று குகதாசன் அனுப்பியது.

அந்த வியாழன் பேருந்தில் குகதாசனும் இரத்தினசிங்கம் உட்பட லோஞ்ச் தவறிய நால்வரும் ஒன்றாக வந்திறங்கினர். அறைகள் அந்த நால்வருக்கும் போயின. குகதாசனுக்கு விறாந்தையில் மடக்குக் கட்டில் கிடைத்தது.

“அம்மா, என்ரை அறை?”

“நீ புக் பண்ணினனியோ?”

குகதாசன் ஏற்கெனவே பேசி வைத்திருந்த தரகர், வீடு வாங்குபவரை அழைத்துக்கொண்டு விடியவே வந்து அறைக் கதவைத் தட்டினார். சாரம் கட்டியபடி வெளிவந்த இரத்தினசிங்கம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“இஞ்சை இடமில்லை ஐயா. லோஞ்ச் விட்டிட்டியளோ?”

விறாந்தைக் கட்டிலில் இருந்தபடியே குகதாசன் தரகரைப் பார்த்துக் கையை விரித்தார். “ஓம் அண்ணை, எனக்கே இடமில்லை. நீங்கள் வேறை வீடு பாருங்கோ.”