லாரி எழுத்தில் ஒரு சொல்

சத்தியசீலனுக்குத் தோற்பது ஒன்றும் புதிதில்லை. மதுக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் முப்பத்திரண்டு வருடம் லாரிகளை ஏற்றி இறக்கி எடை போட்டு ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் அவரைப் படாத பாடு படுத்தியது. பத்தாம் வகுப்பில் அந்த ஒரு பரீட்சையை மட்டும் மூன்று தடவை எழுதினார். வாய்த்த மனைவியோ ஆங்கில டீச்சர். டீனா டீச்சர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பள்ளி வேலையை விட்ட பிறகும் வீட்டில் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆங்கில ஆராதனையில் பைபிள் வேதபாடம் வாசிப்பு என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர்.

மாலை ஐந்தரைக்கு டியூஷன் பிள்ளைகள் கிளம்பியதும் புருசனும் பெண்சாதியும் கேட்டை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எதிரே பாலக்காட்டு ரோடு. அப்போது தொடங்கும் ஆட்டம். வருகிற முதல் லாரியின் நம்பருக்கு நடுவே இருக்கும் இரண்டு எழுத்து, அடுத்த லாரியிலிருந்து ஒரு எழுத்து. இந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற மாதிரி ஓர் ஆங்கிலச் சொல் சொல்ல வேண்டும். இடையில் வேறு எழுத்து எத்தனை இருந்தாலும் பாதகமில்லை. யாருடைய சொல் நீளமோ அவருக்கு ஜெயம். தோற்றவர் போய்க் காபி போட வேண்டும். கல்யாணமான புதிதில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் டீனா கண்டுபிடித்த ஆட்டம் அது. இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் சாயங்காலக் காபி சீலன் கைப்பக்குவம்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இனியா ஒருநாள் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னாள். ஆபீஸில் எல்லோரும் சொல் விளையாட்டு ஆடுகிறார்களாம். எழுத்துகளைப் போட்டால் அவை வருகிற சொற்களையெல்லாம் வரிசையாகக் கொடுக்கிற இணையதளம் ஒன்று இருக்கிறதாம், பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் ஜெயிக்கிறார்களாம். சீலன் சும்மா கேட்டுக்கொண்டார். அப்படிச் சும்மா கேட்டது எதுவும் அவர் மனதில் அவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் டாக்டருக்கு வருகிற டி, அப்புறம் கியூ வந்தது. அடுத்த லாரியில் இன்னொரு டி, டேபிளுக்கு வருகிற டி. டீனா நொடியில் "டிஸ்கொயட்" என்றார். எட்டு எழுத்து. "தண்ணி குடிச்சுட்டு வாரேன், இரு" என்று சீலன் உள்ளே போனார். திரும்பி வந்து, நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, "டெலின்குவென்ட்" என்றார். பத்து எழுத்து.

டீனா விரல் விட்டு எண்ணினார். பிறகு கையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! ஏனுங்க, இத எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அந்த ஒரு 'அடேங்கப்பா'தான் மனிதரைக் கெடுத்தது. அறுபத்தொரு வயதில் ஆங்கிலத்துக்காக ஒருவர் அவரைப் பாராட்டுகிறார், அதுவும் டீனா டீச்சர். அன்றைக்கு அவர் கையில் காபி வந்தது. குடிக்கக் குடிக்க இனித்தது. நாளைக்கு ஒரு தடவை, அதோடு சரி என்று நினைத்துக்கொண்டார். நாளை போய் மறுநாள் வந்தது, தண்ணீர் தாகம் மட்டும் தீரவில்லை.

டீனா முதலில் பெருமைதான் பட்டார். கோயிலில் பெண்கள் கூட்டத்தில், "எங்கூட்டுக்காரர் என்னைய விட இங்கிலீஸ்ல கெட்டிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். போகிற வருகிற பெண்கள் சீலனை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அதையும் அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், வெட்கமில்லாமல்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. டீனாவுக்குச் சொல் வருவது தாமதமானது. தோற்றுத் தோற்றுப் பதற்றம், பதற்றத்தில் தெரிந்த சொல்லும் நாக்கில் நின்றுவிடும். ஒருநாள் லாரி போய் வெகுநேரம் கழித்தும் டீனாவுக்குச் சொல் கிடைக்கவில்லை. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏனுங்க, அக்காளுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

அவிநாசியில் இருக்கும் டீனாவின் அக்கா அமலிக்கு அறுபதில் சொற்கள் ஒவ்வொன்றாய் மறக்கத் தொடங்கின. இப்போது பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது டீனாவை, "நீங்க எந்தூருங்க?" என்று மரியாதையாக விசாரித்தார்.

சீலன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'போனைப் பார்த்துத்தான் சொன்னேன், கழுதை நான்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் டீனா இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். ஆனால் அந்தப் பெண்கள் கூட்டம் கண் முன்னால் வந்தது. "உனக்கென்ன அம்மணி, ஒண்ணுமில்ல. வெசனப்படாத" என்றார். அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக அவர் வேறொரு யோசனை செய்தார். இனிமேல் தோற்றுவிடுவது. மறுநாளிலிருந்து போனைத் தொடவில்லை. நாலெழுத்து, ஐந்தெழுத்துச் சொல்லாகச் சொன்னார். தெரிந்த சொல்லைக்கூடத் தெரியாத மாதிரி விழித்தார். அவர் நடித்த லட்சணம் முப்பது வருடம் வகுப்பறையில் பிள்ளைகளின் கள்ளத்தனத்தைப் பார்த்தவருக்குத் தெரியாமல் போகுமா?

நாலாம் நாள் டீனா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "எனக்காக விட்டுக் குடுக்கறீங்க. அக்காளுக்கு மச்சானும் இப்படித்தான் விட்டுக் குடுத்தாரு" என்றார். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை.

சீலன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கும் டீனா வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏறி இறங்கியது போதும் என்றுவிட்டார். அடுத்த வாரம் கோயிலில் வேதபாடம் வாசிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கடுத்து, பதினோரு பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டு, கோவைப்புதூரில் ஒரு டீச்சர் நன்றாகச் சொல்லித்தருகிறார், அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். "தப்புத் தப்பா சொல்லிக் குடுத்து அதுக படிப்பக் கெடுக்கக் கூடாதுங்க பாருங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது சமையலறையில் நின்ற சீலனுக்குக் கேட்டது. தன் மேல் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு எப்போதும் வந்ததில்லை.

கடைசிப் பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயங்காலம் சீலன் போனை எடுத்துக்கொண்டு டீனாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"டீனா, உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நாந்தான் ஏமாத்திப்போட்டேன். தண்ணி குடிக்கப் போறேன்னு உள்ள போயி இதப் பாத்துத்தான் சொன்னேன். ரெண்டு மாசமும் அப்படித்தான்."

எழுத்துகளை அடித்துக் காட்டினார். சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. டெலின்குவென்ட் இருந்தது, டிஸ்கொயட்டும் இருந்தது. "பாரு, நானாச் சொன்ன சொல்லு ஒண்ணுகூடக் கிடையாது" என்று போனை டீனா கையில் கொடுத்தார்.

டீனா கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். திட்டவில்லை. போனை அவர் கையிலேயே திருப்பி வைத்து, அந்தக் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"இனியா சொல்லிக் குடுத்தாளாக்கு? என்னையத் தேத்தறதுக்கு அப்பனும் மகளும் நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க."

"அய்யோ, இல்ல டீனா, சத்தியமா..."

"வேண்டாமுங்க." டீனாவின் கண் நிறைந்திருந்தது. "இத்தன வருசத்துல நீங்க எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லீங்க. எனக்காக இப்பப் போயி சொல்லாதீங்க."

சீலன் வாயைத் திறந்தார். அவரிடம் இருந்த ஒரே உண்மையை இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.