அலமாரியில் இருந்த புது சென்சார்

மாமனாரின் கார் பட்டறையில் வெறும் மாப்பிள்ளையாக இருந்தவர், கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆன அன்று பெரிய மாப்பிள்ளை ஆனார். கேட்பதற்குப் பதவி உயர்வு மாதிரி இருக்கும். அவருக்கு என்னவோ, இருந்ததில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பட்டத்தைக் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதினோரு மணிக்குச் சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவி, முதலாளியான மாமனாருக்குத் தன் கையாலேயே டீ கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த டம்ளரை வேறு யாரும் தொடக்கூடாது.

சகலை வந்து சேர்ந்தான். பெரிய ஷோரூமில் வேலை பார்த்தவன். கையில் ஸ்கேனர் என்று ஒரு பெட்டி. வண்டியில் சொருகினால் கோளாறு திரையில் எழுத்தாக ஓடும். கொஞ்ச நாளிலேயே மாமனார் வாயில் எதற்கெடுத்தாலும் "சின்ன மாப்ளய கூப்பிடுங்க" என்று ஆகிவிட்டது. பெரியவருக்கு வயிறு எரிந்தது. அப்படி இப்படி இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. அவன் சிரித்தால் நடிப்பு, 'அண்ணே' என்றால் நக்கல், ஒருநாள் தெரியாமல் மாமனாருக்கு டீயை எடுத்துக் கொடுத்துவிட்டான், அது அப்பட்டமான காக்கா பிடித்தல்.

"ஏங்க, அந்தத் தம்பி உங்கள அப்படி என்னதான் பண்ணுச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறானே. ஏதாவது பண்ணுனா திட்டவாவது செய்யலாம்."

இந்த நிலைமையில் மாமனாருக்கு முழங்கால் படுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, "இனிமே என்னால தினம் வர முடியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பட்டறைய பாத்துக்கணும்" என்றார். யார் என்று சொல்லவில்லை. பட்டறைச் சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் சோற்றை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே மாமனாரின் சொந்தக் காரில் என்ஜின் விளக்கு எரிந்து தொலைத்தது. சின்னவன் பெட்டியைச் சொருகிப் பார்த்தான்.

"டேங்க் பிரஷர் சென்சார் மாமா. டேங்க்குக்குள்ள பெட்ரோல் ஆவி எவ்வளவு அழுத்துதுன்னு பாத்துச் சொல்ற சமாச்சாரம். அது செத்துப்போச்சு." சாயங்காலமே புதுசு ஒன்றை வாங்கிவந்து அட்டைப்பெட்டியோடு அலமாரியில் வைத்தான்.

பெரியவர் விடுவாரா? "பெட்டி சொன்னா வேதவாக்கா மாமா? எங்கயோ குழாய்ல ஆவி கசியுது. அதான் கோளாறு. நான் பாக்குறேன்."

"சரி மாப்ள, நீங்களே பாருங்க" என்றார் மாமனார்.

பார்த்தார். டேங்க்கையே கழற்றி இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு குழாயையும் நாடி பிடிக்கிற மாதிரி தடவினார். வயரைப் பிரித்துச் சோதித்தார், பெட்ரோல் மூடியின் ரப்பரை மாற்றினார். எல்லாம் சுத்தமாக இருந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தால் விளக்கு மறுபடியும் எரிந்தது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டால் டேங்க்கின் உள்ளும் வெளியும் ஒரே காற்று. சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சார் போச்சு. கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. மனிதர் அதை மட்டும் செய்யவில்லை. திரையைப் பார்க்கச் சகலையின் பெட்டியைத் தொட வேண்டுமே என்பது ஒன்று. மூடியைத் திறந்தால் என்ன தெரிந்துவிடுமோ என்று உள்ளூரப் பயம் இருந்தது இன்னொன்று.

கடைசியில், சின்னவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பெட்டியைச் சொருகினார். மூடியைத் திறந்தார். திரையில் இருந்த எண் அசையவே இல்லை. வயரிலும் குறையில்லை என்று அவரே பார்த்தாயிற்று. சாக்குச் சொல்ல அதுவும் இல்லை. பின்சீட்டைத் தூக்கி, அடியில் டேங்க் மேலிருந்த பழைய சென்சாரைக் கழற்றி, அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து புதியதை எடுத்து மாட்டினார். எண் அடங்கி ஒடுங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. பெட்டியிலேயே பழைய கோளாறை அழித்து விளக்கையும் அணைத்தார். பாழாய்ப்போனவன் சொன்னதுதான் சரி. பழைய சென்சாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சின்னவனும் வந்தான்.

"விளக்கு அணைஞ்சிருச்சே. என்ன மாப்ள கோளாறு?"

"குழாய்தான் மாமா. மேல ஒரு வெடிப்பு. மாத்திட்டேன்." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

மாமனார் திரும்பினார். "சின்ன மாப்ள, நீங்க சென்சார்னீங்களே? அத கடையில திருப்பிக் கொடுத்திருங்க."

சின்னவன் அலமாரியிலிருந்து சென்சார் அட்டைப்பெட்டியை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எடையிலேயே தெரிந்துவிட்டது. அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. சாவி போச்சு, மானமும் போச்சு என்று நின்றார்.

சின்னவன் அட்டைப்பெட்டியைச் சத்தமில்லாமல் நசுக்கிக் குப்பை டிரம்மில் போட்டான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். சென்சார நான் பாத்துக்கிறேன்."

மாமனார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துப் பெரியவர் கையில் வைத்து, "இனி பட்டறை உங்க பொறுப்பு மாப்ள" என்றார். "சந்தோஷம்ணே" என்றான் சின்னவன். அந்தக் குரலில் துளி நக்கலாவது இருக்காதா என்று பெரியவர் தேடித் தேடிப் பார்த்தார். இல்லை.

வீட்டில் சட்டையைத் துவைக்கப் போட எடுத்த மனைவி, பையிலிருந்து சாவிக்கொத்தையும் கூடவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டையும் எடுத்தாள். "சாவி கைக்கு வந்தாச்சே, அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? அந்தத் தம்பி ஏதாவது பண்ணிருச்சா?"

"பண்ணிட்டான்" என்றார் அவர். "அவன் என்னவிட நல்லவன்டி. நல்லவனா இருக்குறதையும் அவனே எடுத்துக்கிட்டான்."