சாரலும் மழைதான்

தென்காசியில் பெரிய பைக்குகளைப் பழுது பார்ப்பவர் இசக்கிமணி அண்ணாச்சி. எட்டாவதோடு நின்றவர். அவரிடம் வந்த இருநூறு குதிரைத்திறன் வண்டியின் ஆங்கிலக் கையேட்டை, எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான்தான் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: ‘ரெயின் மோடு: மழையில் போடவும். எஞ்சின் இழுவை குறையும், சக்கரம் வழுக்காது.’

ஆனியில் அந்த வண்டியின் சொந்தக்காரன் சாம் ஐந்தருவிக்குக் கிளம்பினான்.

“ஏலே, ரெயின் மோடுல போட்டுக்கோ.”

“மழை எங்க அண்ணாச்சி பெய்யுது? சாரல்தானே!”

அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். மழை என்றுதான் இருந்தது. “சரி, போ,” என்றார்.

ஈர வளைவில் முழு வேகத்துக்கு முறுக்கியதும் பின்சக்கரம் வழுக்கியது. சாமுக்கு இடது கால் போய்விட்டது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. சீட்டை நீட்டி, “சாரல்னும் எழுதுலே,” என்றார். எழுதினேன். இப்போது யாராக இருந்தாலும், அதை உரக்க வாசிக்க வைத்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறார்.