அக்காவின் அரை முகம்

நாடகக் குழுவில் அக்காவை எல்லாரும் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். பகலில் தொலைபேசி நிலையத்தில் வேலை, சாயங்காலம் ஒத்திகையை வேடிக்கை பார்க்க வருவாள். பாட்டி வேடம் போடும் அம்மாள் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட, வேண்டுமானால் நீ நின்று பாரேன் என்றார் குழுத்தலைவர். நின்றாள். அதற்குப் பிறகு மேடையில் அவளுக்கு இளமை திரும்பவே இல்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தாள். மடியில் தலைவைத்து அழுத மகன், இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் தவிப்பார். வசனத்தை விடாமல் அம்மாதான் அவரைத் தூக்கி நிறுத்துவாள்.

தங்கையும் அதே குழுவில்தான் இருந்தாள். அக்காவை அச்சில் வார்த்த மாதிரி முகம், குரலும் அதே. தங்கைக்கு நாயகி வேடங்கள்கூடக் கிடைத்தன. ஆனால் நாடகம் முடிந்து கலைகிற கூட்டம் கிழவியைப் பற்றியே பேசிக்கொண்டு போகும். ஒரு நாடகத்தில் அக்காவுக்கு வசனமே கிடையாது, மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காவல்காரி, அவ்வளவுதான். நாயகன் முன்னால் நின்று உருகி உருகிப் பேசுவார். கூட்டம் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தம்மாவைச் சும்மா உட்காரச் சொல்லுங்கள் என்று அவர் முறையிட்டார்.

"சும்மாதான் உக்காந்திருக்கேன்," என்றாள் அக்கா. "நீங்களும் ஒருநாள் உக்காந்து பாருங்க. ரொம்ப கஷ்டம்."

அவள் வேலை செய்கிற விதம் தங்கைக்குத் தெரியும். எந்த வேடமானாலும் உள்ளே நுழையும் முன் அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள், எந்த முழங்கால் வலிக்கிறது, யார்மேல் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தனக்குள் முடிவு செய்துகொள்வாள். பக்கத்தில் போய்க் கேட்டால் சொல்லவும் சொல்லுவாள். தங்கை அதையெல்லாம் செய்துபார்த்தாள். அவளுக்கு முழங்கால் வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வருத்தம் தொண்டையில் முள்ளாகவே கிடந்தது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஒரு தொடரில் குடும்பத்துக்கே மூத்தவளாக அக்கா வருடக்கணக்கில் நடித்தாள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வழிமறித்து, ஓடிப்போன மகனை எப்போது மன்னிக்கப்போகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள்.

அந்த மகன் திரும்பி வரும் காட்சி எடுக்கவிருந்த சமயத்தில்தான் அக்காவின் முகம் பாதி தூங்கிப்போனது. காலையில் வாய் கொப்பளித்தவளுக்குத் தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கன்னம் தொங்கியிருந்தது. நரம்பு சோர்ந்திருக்கிறது, தானாகத் திரும்பிவிடும், மாதங்கள் ஆகலாம் என்றார் மருத்துவர். உதடு சேர வேண்டிய இடங்களிலெல்லாம் பேச்சில் காற்று கசிந்தது. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர், "இனிமே நீ திட்டினா எனக்குப் பாதிதான் விழும்," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தயாரிப்பு நிர்வாகி தங்கைக்குத் தொலைபேசினார். அக்கா கேட்டுக்கொண்டதால் ஒரே ஒரு ஷாட் எடுத்துப் பார்க்கப்போகிறோம், சரியாக வராவிட்டால் அந்த வேடத்துக்கு நீங்கள்தான், மேக்கப்போடு மாடியறையில் காத்திருங்கள் என்றார். அவர் பேசி முடிக்கும் முன்பே தங்கை சரியென்று சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

படப்பிடிப்பு வீட்டின் மாடியறையில், அக்காவின் வேடத்து உடையை உடுத்தி, அக்காவின் வயதைக் கண்ணுக்கடியில் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவே வந்தாள். தங்கைக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அக்கா தலையைச் சாய்த்து அவளை உற்றுப் பார்த்தாள்.

"மூக்கோரத்துல யாருடி இவ்ளோ பெரிய கோடு போட்டது? எனக்கு அங்க கோடே கிடையாதே."

பஞ்சை எடுத்து அந்தக் கோட்டைத் துடைத்தாள். நெற்றியில் ஒன்றை இழுத்துவிட்டாள். முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இப்போ சரி," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

தங்கை மாடிப்படியின் பாதியில் வந்து நின்றுகொண்டாள். கீழே வசனகர்த்தா ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்த அழுகை வசனத்தை அக்கா பணிவாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாய் ஒத்துழைக்காதுங்க. முகமும் பாதிதான் இருக்கு. முதுகு முழுசா இருக்கு, அதைப் பிடிங்க," என்றாள் டைரக்டரிடம்.

அவர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி மாடிப்படியைப் பார்த்தார். கேமரா அக்காவின் முதுகுப் பக்கம் போனது. துணி தேய்க்கிற காட்சி. இஸ்திரிப் பெட்டி நிஜமாகவே சுடவேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கினாள்.

ஷாட் தொடங்கியது. அக்கா ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகனாக நடிக்கும் இளைஞன் வாசலில் வந்து நின்றான். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பையைத் தரையில் வைத்தான்.

பெட்டி நின்றது.

அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் தோள்களுக்குள் கொஞ்சம் இறங்கியது, யாரோ பின்னாலிருந்து பச்சைத்தண்ணீர் ஊற்றப்போகிற மாதிரி. சட்டையின்மேல் பெட்டி அப்படியே இருந்தது. துணி கருகும் வாடை எழுந்தது. விளக்குக்காரர் பதறி ஒரு எட்டு வைக்க, கேமராக்காரர் கையை நீட்டித் தடுத்தார். மகனுக்கு வசனம் மறந்துபோயிற்று. அக்கா பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். வெள்ளைச் சட்டையில் பழுப்பாக ஒரு தழும்பு. அதை அவன் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு அரை அடி நகர்ந்து நின்றாள். மேசையருகே ஒரு ஆள் நிற்க இடம் உண்டாயிற்று. அவ்வளவுதான்.

அந்த இளைஞன் வந்து அந்த இடத்தில் நின்றான். அப்படி அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். கட் சொல்ல வேண்டியவர் வாயில் கைவைத்து நின்றார்.

தங்கை படியின் கைப்பிடியைப் பிடித்தபடி அந்த முதுகையே பார்த்தாள். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்த முதுகு அது. அதற்குள் இத்தனை இருந்ததா? தொண்டை முள்ளைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம். மலையைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்?

"மேல இருக்கிறவங்களை அனுப்பிடுங்க," என்று டைரக்டர் நிர்வாகியிடம் சொல்வது கேட்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள் தங்கை முகம் கழுவப் போய்விட்டாள்.

திரும்பும்போது இருவரும் ஒரே காரில் வந்தார்கள். பாதி வழிவரை தங்கை காதோரத்தில் ஒட்டியிருந்த மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் வரப்போவதை முன்னாடியே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று மென்று விழுங்கினாள்.

"உன்னைக் கூப்பிடச் சொன்னதே நான்தாண்டி. எவளோ ஒருத்தி வந்து நிக்கிறதுக்கு, நீ நின்னா எனக்கு நிம்மதி."

தங்கை அவளையே பார்த்தாள். "அப்போ எதுக்குக்கா இப்படி நடிச்சே? கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்குமே."

"பேரைச் சொன்னது உன் அக்கா. அங்க போய் நின்னது உன் அக்கா இல்லையே, அந்தப் பையனோட அம்மா," என்றாள் அக்கா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

சற்று நேரத்தில் அசதியில் தூங்கிப்போனாள். வலது கண் மூடியிருந்தது. நோய் வந்ததிலிருந்து இடது இமை முழுக்க இறங்குவதில்லை. பாதி திறந்த அந்தக் கண் தங்கையைப் பார்த்தபடியே இருந்தது. தூங்குகிறாள் என்று தெரிந்தும் தங்கை இருக்கையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.