வெள்ளையின் கழுத்தில் நாலு கட்டிகள்

கலியாண வீடுகளில் ட்ரோன் பறக்கத் தொடங்கிய பிறகு என்னுடைய ஸ்ரூடியோவுக்கு வந்தவர்கள் இரண்டு வகை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் போடச் செத்தவரின் பழைய படத்தைத் துலக்கித் தரச்சொல்லி வருகிறவர்கள். கிளிநொச்சியில் பிரதான வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு தையல் கடையின் பின்னறைதான் ஸ்ரூடியோ. பத்து வருடத்துக்கு மேலாகத் தனியாக நடத்துகிறேன். அதனால், ஒரு சித்திரை மாதம், மாட்டுவண்டில் சவாரி ஓடுகிற மாடுகளைப் படம் எடுக்க வருவீர்களா என்று ஒருவர் வந்து கேட்டபோது உடனே ஓம் என்றுவிட்டேன். ஒரு பொம்பிளை சவாரித் திடலில் போய் நின்றால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் ஸ்கந்தபுரத்துக்காரர். ஐம்பது தாண்டிய வயது, வயல் செய்கிறவர். அவருடைய சோடியில் ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல் நிற மயிலை. முந்திய இரண்டு வருடமும் வன்னியில் எந்தத் திடலில் ஓடினாலும் முதற்பிரிவில் முதலிடம் அந்தச் சோடிக்குத்தான்.

"எல்லாரும் போனில எடுக்கிறாங்கள், தங்கச்சி. ஒண்டிலயும் என்ர மாடு ஓடுறது இல்லை. புழுதிதான் கிடக்குது" என்றார். "இந்த வருசம் முழுக்க நீங்கள் வந்து எடுங்கோ."

முதல் சவாரியில் எனக்கும் புழுதிதான் கிடைத்தது, அதோடு இரண்டு வால்கள். இரண்டு வண்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் புறப்பட்டால் திடலின் மறுமுனைக்குப் போய்ச் சேர அரை நிமிடமும் ஆகாது. கண் பார்த்து விரல் அமத்துவதற்குள் மாடு போய்விடும். எங்கே நிற்பது என்று அவர்தான் சொல்லித் தந்தார். முடிவுக் கோட்டில் நிற்கக் கூடாது, அங்கே சனம் உள்ளே பாயும். அதற்குக் கொஞ்சம் முன்னால், தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு முதுகைக் காட்டி, நிலத்தோடு குந்தியிருக்க வேண்டும். காற்று புழுதியை மறுபக்கம் கொண்டுபோய்விடும். ஆனி பிறந்தபோது எனக்குக் கை பழகிவிட்டது. வெள்ளையின் நாலு காலும் நிலத்தைத் தொடாமல் நிற்கிற ஒரு படம் கிடைத்தது. மூக்கு விரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, பின்னால் வண்டிலில் அவர் பாதி எழும்பி நிற்கிறார். அதைப் பெரிதாக அடித்துக் கொடுத்தேன். அவர் அதை வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார் என்று அவருடைய மனைவி சொன்னார்.

அந்த மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அப்போதுதான் பழக்கம். மாடுகளுக்கு உளுந்து அவிப்பதும் முட்டை கரைத்துப் பருக்குவதும் அவர்தான். கலகலப்பாகக் கதைப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "இந்த மனிசன் ஆறு வருசம் குடிச்சவர், தங்கச்சி. மாடு வந்த பிறகுதான் விட்டவர். நான் மாட்டுக்கு அவிக்கேல்ல, என்ர மனிசனுக்குத்தான் அவிக்கிறன்."

ஆடி மாதம் மாடுகளுக்கு அம்மை வருகுது என்ற கதை பரவத் தொடங்கியது. உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாக எழும்பும், காய்ச்சல் காயும், தின்னாது, கால் வீங்கும். ஈயும் நுளம்பும் ஒரு மாட்டிலிருந்து மற்ற மாட்டுக்குக் கொண்டுபோகும் என்று மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். சில சவாரிகள் நின்றுபோயின. மாங்குளத்துப் பக்கம் ஆவணிக் கடைசியில் நடக்கிற பெரிய சவாரியை மட்டும் நடத்துவதென்று அதன் குழு முடிவெடுத்தது. ஒரு நிபந்தனை போட்டார்கள். ஓடப்போகிற ஒவ்வொரு மாட்டையும் சவாரிக்கு முந்தின ஏழு நாளுக்குள் இரண்டு பக்கமும் படம் எடுத்து வட்ஸப்பில் அனுப்ப வேண்டும். கட்டி இருக்கிற மாடு திடலுக்கு வரக்கூடாது.

நான் ஸ்கந்தபுரத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். மயிலை சுத்தமாக இருந்தது. வெள்ளையின் கழுத்தில், நுகம் படுகிற இடத்துக்குக் கீழே, நாலு கட்டிகள். புளியங்கொட்டை அளவு. அவர் கண்டிருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா போன் எடுத்தார்.

"தங்கச்சி, அந்தப் படத்தில கட்டி தெரியுதோ?"

"தெரியுது, அக்கா."

"அது நுகம் பட்ட காயமாயும் இருக்கலாம். இல்லையோ?"

நான் கொம்பியூட்டரில் அந்தப் படத்தைத் திரும்பத் திறந்தேன்.

"பொம்பிளைப் பிள்ளையளின்ர முகத்தில பரு அழிக்கிறனியள்தானே. உந்தக் கட்டியையும் அழிச்சுவிடுங்கோ. அவருக்குத் தெரிய வேண்டாம். இந்தச் சவாரி இல்லையெண்டு சொன்னா அவர் என்ன செய்வாரெண்டு எனக்குத்தான் தெரியும்."

"மற்ற மாடுகளுக்குப் பிடிச்சா?"

"ஒருக்கா ஓடிப்போட்டு உடன கொண்டு வந்திடுவம். ஆரோடயும் சேத்துக் கட்டமாட்டம். என்னை நம்புங்கோ."

கொம்பியூட்டரில் அந்த வேலை முடிய ஐந்து நிமிடம் எடுத்திருக்காது. வெள்ளைத் தோல், வெயில் வெளிச்சம், பக்கத்து மயிரை எடுத்துக் கட்டியின் மேல் வைத்தால் போதும். மணப்பெண்ணின் கன்னத்தில் செய்வதை விடச் சுகமான வேலை. நாலையும் அழித்தேன். படத்தை அக்காவின் மனிசனுடைய போனுக்கு அனுப்பினேன். அவர் குழுவுக்கு அனுப்பினார். அன்றிரவே சம்மதம் வந்துவிட்டது. அவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாரா, பார்த்தும் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சவாரி நாள் காலையில் நான் போனபோது திடல் ஓரத்து மரங்களுக்குக் கீழே இடம் இல்லாமல் மாடுகள் நெருங்கி நின்றன. வெயில் அப்படி. எங்கே தனியாகக் கட்டுவது? வெள்ளையின் கழுத்தில் மஞ்சளும் திருநீறும் தடிப்பாகப் பூசி, சால்வை போட்டு விட்டிருந்தார்கள். எல்லா மாட்டிலும் அப்படித்தான் ஏதாவது பூசியிருந்தது. யாரும் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை.

அதே மரத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு புதுச் சோடி. அதன் சொந்தக்காரர் தண்ணீரூற்றுப் பக்கத்து முஸ்லிம் ஆள். இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பால் மாடு நாலைந்து வைத்திருக்கிறார். சவாரிக்கு வருவது அதுதான் முதல் தடவை, அதுவும் கடைசிப் பிரிவில். என்னிடம் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முஸ்லிம் ஆக்கள் அண்ணனை நானா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, என்ட சோடியையும் ஒரு படம் எடுத்துத் தாறீங்களா? தோத்தாலும் பரவாயில்ல. வந்தமெண்டு இருக்கட்டும்."

எடுத்தேன். இரண்டு மாட்டுக்கும் நடுவில் அவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பின்னால் நாலு முழத்தில் வெள்ளை நிற்பது படத்தில் விழுந்திருந்தது. அதன் முதுகில் ஈ மொய்த்ததும் விழுந்திருந்தது. எடுக்கும்போது அதைக் கவனித்தேன். கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கோ நானா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வெள்ளை முதல் ஓட்டத்தில் வென்றது. இறுதி ஓட்டத்தில் பாதித் திடலிலேயே இழுவை குறைந்து, எதிர்ச் சோடி இரண்டு வண்டில் நீளம் முன்னால் போய்விட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வெள்ளை முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. நான் அதையும் எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஸ்கந்தபுரத்துக்காரர் வண்டிலிலிருந்து குதித்து வந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டது. சனம் களைப்பு என்று நினைத்தது. நானாவின் சோடியும் தோற்றது. அவர் சிரித்துக்கொண்டே மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து நானாவின் படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ் மாறி அவருடைய வீட்டுக்குப் போனேன். போனிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் மாடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் எனக்கு இருக்க முடியவில்லை.

வாசல் படலையில் நின்றபோதே வேப்பிலைப் புகை மணத்தது. கொட்டிலில் இரண்டு பசுக்கள் உடம்பு முழுக்கக் கட்டியோடு படுத்திருந்தன. சவாரி மாடுகளில் ஒன்றின் முன்னங்கால் உரல் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கன்று முந்தின நாள் செத்துவிட்டது என்றார் அவருடைய மனைவி. நானா படத்தை வாங்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். சுவரில் சாய்த்து வைத்தார்.

"உங்கட ஸ்கந்தபுரத்து ஆக்கள்ட மாடுகள் சுகமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஓம், நானா. சுகமா இருக்கு" என்றேன்.

அது பொய். வெள்ளை அப்போது ஒரு கிழமையாக எழும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து சில நாள் பொறுத்தேன். குழுவில் செயலாளராக இருந்தவருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு வந்த சோடி எல்லாத்தையும் நாங்கள் கிட்டப்போய்ப் பாத்தனாங்களோ? உங்கட மாட்டிலதான் இருந்ததெண்டு என்ன நிச்சயம்? இப்ப எல்லா இடத்திலயும் வந்திட்டுது. உந்தக் கதையை வெளியில கதைக்காதேங்கோ. அடுத்த வருசம் திடலும் இல்லாமல் போகும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. வெள்ளையிலிருந்து போனதா, வழியில் வேறு மாட்டிலிருந்து போனதா, ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த ஆறுதல் எனக்குக் கொஞ்ச நாள் உதவியது. பிறகு நானாவின் சோடியில் கால் வீங்கின மாடு செத்துவிட்டதென்று கேள்விப்பட்டேன். அன்றைக்கே திரும்பவும் பஸ் ஏறினேன்.

அவர் கொட்டிலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை ஒரு பசுவின் புண்ணில் பூசிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு கட்டி, அக்காவின் போன், நான் அழித்தது, மரத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றது, அன்றைக்குச் சொன்ன பொய். அவர் பூசுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் அந்தப் பசுவின் மற்றப் பக்கத்துக்குப் போய் அங்கேயும் பூசினார். பிறகு வாளித் தண்ணியில் கையைக் கழுவினார்.

"ஏன் தங்கச்சி இதை வந்து சொன்னீங்க?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தனான், நானா."

"கன்று போனதையும் மாடு போனதையும் நாங்க அல்லாட நாட்டமெண்டு எடுத்தம். என்ட பொஞ்சாதி அப்பிடிச் சொல்லித்தான் இரவில தூங்குறா. நானும் அப்பிடித்தான். இப்ப நீங்க வந்து இது ஒரு ஆள் செஞ்ச வேலையெண்டு சொல்றீங்க. இனி நான் எப்பிடி அப்பிடி நினைக்கிறது?"

அவர் வாளியைக் கையில் எடுத்தார்.

"என்ட பொஞ்சாதிக்கிட்ட சொல்லாதீங்க. நானும் சொல்லமாட்டன். போயிட்டு வாங்க."

அவர் கோபித்திருந்தால், ஏசியிருந்தால், கையில் இருந்த வாளியை எறிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படலை வரைக்கும் கூடவே வந்து, நாய் கடிக்காமல் பார்த்து, என்னை அனுப்பிவிட்டார். மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். இருக்கை இருந்தது, இருக்க மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் பாரம் குறையும் என்று நம்பித்தான் போனேன். என்னிடம் இருந்ததை அவருடைய தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது ஓமந்தைப் பக்கமிருந்து வருகிற கிளிநொச்சி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் விளங்கியது. என்னுடையதும் குறையவில்லை.

வெள்ளை சாகவில்லை. கட்டிகள் உடைந்து, ஆறி, தோலெல்லாம் வட்ட வட்டமாக மயிர் கொட்டிய தழும்பு. முன்னங்கால் மூட்டு மடங்காது. மயிலைக்கு வேறு சோடி பொருந்தவில்லை. மாரி தொடங்க முன்னம் இரண்டையும் ஒரு வியாபாரி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று அக்காவும் மனிசனும் கேட்கவில்லையாம். மனிசன் திரும்பவும் குடிக்கிறார். அக்கா ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் மரக்கறி விலையைப் பற்றிக் கதைத்தோம்.

இந்த வருடம் சவாரிகள் மறுபடி தொடங்கிவிட்டன. வேறு சோடிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், நான் போகிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து எடுக்கிறேன். படங்கள் நன்றாகத்தான் வருகின்றன, எல்லாரும் சொல்கிறார்கள். கடைசிப் பிரிவு ஓடும்போது மட்டும் பேர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பேன். தண்ணீரூற்றிலிருந்து ஒரு சோடியும் இதுவரை வரவில்லை. நானா வண்டிலை விற்றுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். யாருக்கு விற்றார் என்று நான் கேட்கவில்லை.