இனயத்துப் பிலோமினாளைப் பரீட்சைக்கு அழைத்துப்போன பயணம்

சென்ற பங்குனியில் இனயத்திலிருந்து பிலோமினாள் என்ற பெண்ணை ஏழாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்காக நாகர்கோவிலுக்கு அழைத்து வந்தேன். வரும் ஆண்டு கடற்கரை ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

இனயத்துப் பெண்பள்ளிக்கூடம் வலை வைக்கும் ஓலைக்கொட்டகை ஒன்றில் தொடங்கியது. முதலில் மூன்று வகுப்புகள். சுவர் எழும்பிய பிறகு ஐந்து. ஏழாம் வகுப்பு வந்து சில ஆண்டுகள் ஆகியும் பரீட்சைக்கு ஒருத்தியும் போகவில்லை. அவ்வளவு தூரம் பெண்ணை யாருடன் அனுப்புவது? நான் கன்னியர் மடத்தில் படித்தவள். கணவர் காலமான பின் நாகர்கோவில் கோட்டாற்றில் சொந்த வீட்டில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்தப் பள்ளியின் தையல் வகுப்பைப் பார்வையிடப் போகிறேன். “நீங்க கூட்டிட்டுப் போனா விடுதேன்” என்றாள் பிலோமினாளின் தாய் அந்தோணியம்மாள். தேறினால் ஆசிரியப் பயிற்சி, தவறினால் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

புதன் மாலையே இனயம் போய் அங்குள்ள மடத்தில் தங்கினேன். வியாழன் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியவில்லை. முந்தின நாள் தூண்டில் போடப் போன அவள் தகப்பன் சிலுவையின் கட்டுமரம் திரும்பவில்லை. அப்படி ஒரு மரம் வராதிருக்கும்போது அந்த வீட்டார் கரையை விட்டு நகர்வது வழக்கமில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்ததை எல்லோரும் கவனித்துவிட்டார்கள்.

“ஏட்டி, நீ இஞ்ச நின்னா மரம் வந்திருமா? கடலப் பாக்க நான் இருக்கேன். நீ போ” என்றாள் தாய்.

“யம்மா, அப்பன்…”

“அப்பன்தான் ஒனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டினான். போ மக்கா.”

பக்கத்தில் நின்ற ஒருத்தி, “கடல்ல கெடக்கவனுக்க மவளுக்குப் பரீட்சையா இப்பம்?” என்றாள்.

“ஒனக்கு வாய் இருக்கு. எனக்கு மவ இருக்கா” என்றாள் அந்தோணியம்மாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிறகு, நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் ஞானப்பூவைத் தனியே அழைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

கடலோரக் கால்வாய் தூர்ந்து கிடப்பதால் வள்ளத்தில் போகலாம் என்று நம்பாதீர்கள். குளச்சல் வரை நான்கு மைல் சொச்சம். மாட்டுவண்டிக்குப் பதினான்கு சக்கரம் காசு கொடுத்தேன். குளச்சலிலிருந்து பஸ்ஸுக்குத் தலைக்கு எட்டுச் சக்கரம்.

“எப்போது புறப்படும்?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“ஆளு நெறஞ்சா.”

“நிறையாவிட்டால்?”

“நெறையும் அம்மா. நீங்க ரெண்டு பேரு வந்தியல்லா?”

பத்தே காலுக்குத்தான் நகர்ந்தது. பிலோமினாள் கடல் தெரியும் பக்கமாக உட்கார்ந்து, அது தென்னைகளுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்திருந்தாள். திங்கள்சந்தை, இரணியல், வில்லுக்குறி என்று ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் தெரிந்தது. உள்ளே போகப் போக வகுப்புகள் கூடின, கூரை ஓடாயிற்று, பெண்களுக்கெனத் தனிக் கட்டடமும் வந்தது. கடற்கரைப் பெண் மேலே படிக்க வேண்டுமானால் இந்தச் சாலை முழுவதையும் கடந்தாக வேண்டும்.

அன்றிரவு பிலோமினாள் என் வீட்டில் தங்கினாள்; பரீட்சை வெள்ளியும் சனியும். வெள்ளியன்று ஒன்பது மணிக்குள் பரீட்சைக் கூடத்தில் இருக்க வேண்டும். வினாத்தாள் தமிழா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரைப் பெண் என்றதும் எங்களுக்கு மலையாளக் கட்டைப் பிரிக்கப் போனார்கள், நான் விடவில்லை.

உச்சி வேளையில் பிலோமினாள் வெளியே வந்து நின்றபோது, ஞானப்பூ கூடையுடன் தெருவில் போனாள். எங்களைப் பார்த்தாள். நிற்கவில்லை. பெண்ணின் உதடு வெளுத்துவிட்டது.

தெருவில் ஒருவர் பின்னால் ஓடியது என் வாழ்நாளில் அன்றுதான். “சிலுவை வந்தானா?” என்று கேட்டேன்.

“நெத்திலி வேணுமா அம்மா? நல்லா காஞ்சது.”

“என்னிடமாவது சொல். நான் அவளிடம் சொல்லமாட்டேன்.”

“ஒங்க வாய் சொல்லாது. மூஞ்சி சொல்லிப்போடும். நாளைக்குக் கடைசி மணி அடிக்கட்டும்.”

திரும்பி வந்து, அவள் சொல்ல மறுத்துவிட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். பிலோமினாள் சாப்பிடவில்லை. தவக்கால வெள்ளி, நோன்பு என்று காரணம் சொன்னாள். பிற்பகல் பரீட்சைக்கு எழுந்து போனாள். அவள் நடந்த விதத்தைப் பார்த்தபின் எனக்கு ஜெபமாலையில் மனம் நிற்கவில்லை.

சனிக்கிழமை கடைசி மணி அடிக்குமுன்பே ஞானப்பூ வாசலில் கூடையை இறக்கி வைத்துக் காத்திருந்தாள்.

“எழுதி முடிச்சியா?”

“முடிச்சேன் மாமி. சொல்லும்.”

“ஒங்க அப்பன் வியாழக்கிழம உச்சைக்கே மணவாளக்குறிச்சில கரையேறிற்றான். நீவாடு, கடலுக்க ஒழுக்கு, மரத்த இழுத்துட்டுப் போயிருக்கு. நடந்தே வீட்டுக்கு வந்து ரெண்டு சட்டி கஞ்சி குடிச்சான்.”

பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. “நல்ல செய்தியை வைத்துக்கொண்டா இவளை இப்படி வதைத்தாய்?”

“அந்தோணி வாக்கு வாங்கிட்டா அம்மா. நல்லதானாலும் கெட்டதானாலும் பரீட்சை முடியது வர வாய் தொறக்கப்பிடாதுன்னு. அவன் வந்த பொறவும் கேட்டேன், சொல்லட்டான்னு. அதுக்கு அவ, நல்லத மட்டும் சொன்னா, சொல்லாம போற அண்ணைக்குக் கெட்டதுதான்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிராதா? அடுத்த வருசமும் வேற பிள்ளைய எழுத வரும்லான்னா.”

பிலோமினாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அம்மைட்ட நான் பேசமாட்டேன்” என்றாள். பிறகு கூடையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. அழைத்துவரும் சகோதரிகளுக்கு: ஒருநாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். உறவினர் இல்லாதவர்கள் கன்னியர் மடத்தில் கேட்டால் இடம் கிடைக்கும். ஊரிலிருந்து வரும் செய்தியை எப்போது சொல்வது என்று புறப்படுமுன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தோணியம்மாளின் ஏற்பாட்டை அன்று கொடுமை என்றேன். இன்றும் அந்தச் சொல்லை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதற்கு மேலான ஏற்பாடு எனக்கும் தோன்றவில்லை.

வரும் ஆண்டு இனயத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் எழுத வருகிறார்கள். அவர்களின் தகப்பன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள்தான். அழைத்துவரும் பொறுப்பு மறுபடி எனக்கே. பரீட்சை நாட்களில் நான் மட்டும் கூடத்து வாசல் பக்கம் நிற்கக்கூடாது, என் மூஞ்சி சொல்லிப்போடும் என்று அந்தோணியம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள். நிற்கமாட்டேன். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தெருவில் கருவாடு கூவும் குரல் கேட்டால் என்ன செய்வேன் என்பதுதான் இப்போதே யோசனையாக இருக்கிறது.