ஐயாசாமியின் ஊதாங்குழல்

மலாயாவில் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கருப்பாயியைப் போலப் பிடிவாதக்காரி வேறு யாரும் கிடையாது. பால்வெட்டில் ஆண்களுக்குச் சமமாக நிற்பாள். கங்காணி முறைத்தால் திருப்பி முறைப்பாள். ஆனால் புருஷன் பெயரை மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். அவள் அவனைக் கூப்பிடுவதெல்லாம் 'ஏங்க'தான்.

அந்தப் புருஷன் ஐயாசாமியின் தலையில் ஒருநாள் காற்றில் முறிந்த ரப்பர்க் கிளை விழுந்தது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். கால் நடந்தது, கை மெல்ல எழுந்தது. பேச்சுதான் வரவில்லை. வாயைத் திறந்தால் பாதியிலேயே மூச்சுத் தீர்ந்து வெறும் காற்றுதான் வந்தது.

ரப்பர் விலை சரிந்து கிடந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றச் சொல்லிவிட்டார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

"மாசம் பொறந்ததும் பெரட்டுல அவரு பேரைக் கூப்புடுவேன். பதில் சொன்னாருன்னா புல்லு வெட்டுற வேலையாவது குடுக்கலாம்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லெட்சுமணன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அரை மூச்சோடு கப்பலேறினால் இந்த மனுஷன் கரை சேருவாரா? கருப்பாயி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் மனோகரன் வழி சொன்னார். "மூக்கால வயிறு நெறைய இழுக்கச் சொல்லும்மா. வாயால மெதுவா விடணும். அந்த மூச்சோடயே ஒரு சொல்லும் வரணும்."

கருப்பாயி ஊதாங்குழலைக் கொடுத்து அவனை அடுப்படியில் உட்கார வைத்தாள். ஈர விறகாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள், ராட்சசி!

"நீங்க ஊதுனாத்தான் இன்னைக்குச் சோறு."

அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னாள். முதலில் சாம்பல் பறந்து அவள் முகத்தில்தான் அப்பியது. அவன் சிரித்தான், அதற்கும் மூச்சு வாங்கியது. ஊதி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் "ஏங்க" என்பாள். அவன் பதில் சொல்லப் பார்ப்பான்.

ஒருநாள் கனல் நின்று எரிந்தது. "ஏங்க" என்றாள். "என்...னா" என்றான்.

கருப்பாயி ஓவென்று அழுதுவிட்டாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. இரண்டு பேரும் ஆசையாகத் தின்றார்கள்.

மாதம் பிறந்தது. பெரட்டில் துரையும் வந்து நின்றார்.

"ஐயாசாமி!"

அவன் சும்மா நின்றான். கிராணி மறுபடியும் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் அவன் அக்கம்பக்கம் பார்த்தான். துரை தலையை ஆட்டினார்.

கருப்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் பட்ட அடியில் அவன் பெயரே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவள் அவனை ஒருநாளும் பழக்கவில்லையே! பாவி, நானே கெடுத்துவிட்டேனே என்று பதறினாள். பெயர் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்றது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

ஐயாசாமி வயிறு நிறைய மூச்சை இழுத்தான். "என்னா புள்ள?"

பெரட்டே சிரித்தது. கிராணி விளக்கிச் சொன்னதும் துரையும் சிரித்துவிட்டார். ஐயாசாமி கையில் புல்வெட்டும் கத்தி வந்தது.

மறுநாளிலிருந்து கிராணி ஐயாசாமியின் பெயரைக் கூப்பிடுவதில்லை. அந்த இடம் வந்ததும் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பி, "கருப்பாயி, கூப்புடும்மா," என்பார்.